கொடியேற்றத்தோடு குடியை விடுகிறேன் என்பவருக்குப் பக்கத்தில் யார்?

வடலி எழுதியது:

வணக்கம் உறவுகளே. நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றம் நெருங்குகிறது. இந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரே கதைதான் கேட்கும்: "கொடியேறட்டும், அன்றோடு விடுறன்." சொல்கிறவர் மெய்யாகத்தான் சொல்கிறார். திருவிழாவின் 25 நாளும் மச்சமில்லை, போத்தலில்லை. கிழமையில் ஒருநாள் குடிக்கிறவருக்கு அது விரதம். விடிய எழும்பி முகம் கழுவ முன்னமே கால் போத்தலைத் தேடுகிறவருக்கு அது உயிராபத்து. இந்த வித்தியாசம் பல வீடுகளுக்குத் தெரியாது, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போன திருவிழாவில் எங்கள் பக்கத்து மேசன் அண்ணை ஒருவர் அப்படித்தான் கொடியேற்றத்தன்று டக்கென்று நிறுத்தினார். மறுநாள் இரவு வலிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு எறும்பும் இல்லை. மனிசியைப் பார்த்து "நீர் ஆர்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் முனி பிடித்துவிட்டது என்று நூல் கட்ட ஆயத்தம் செய்துகொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பெடியன் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டான். அண்ணை தப்பினார். இப்போது எங்களோடு ஞாயிறு பின்னேரம் வந்து இருக்கிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

நாங்கள் ஒரு சின்ன வட்டம். எல்லாரும் குடித்தவர்கள், இப்போது குடிக்காதவர்கள். பேர்ப்பலகை இல்லை, காசு வாங்குவதில்லை. குடியை விட்டவர்கள், விட நினைக்கிறவர்கள், குடிக்கிறவரோடு வாழ்கிறவர்கள், எல்லாரும் இங்கே எழுதுங்கோ. ஆரும் ஆரையும் பேசவேண்டாம். பேர், ஊர், வேலைத்தளம் எதுவும் போடவேண்டாம்.

இரவுக்கடமை எழுதியது:

வடலி அண்ணை, நல்ல நேரத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் தாதியாக வேலை செய்கிறேன். அந்த அண்ணைக்கு நடந்ததை வாட்டில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

நாள்தோறும் நிறையக் குடிக்கிறவரின் மூளை மதுவோடு ஒத்துப்போய் வேலை செய்யப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அது கட்டுக்கடங்காமல் துடிக்கும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும், ஓங்காளிக்கும், நித்திரை வராது. வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். மூன்றாம் நாளை ஒட்டித்தான் மிகவும் பயப்பட வேண்டியது: இல்லாததைக் காண்பது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு. கவனிக்காமல் விட்டால் ஆள் போய்விடலாம்.

ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் இருக்கிறது. டயசிபாம், குளோர்டயசிபொக்சைட் போன்ற மருந்துகளைக் கூட்டிக் கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் ஊசி, அதாவது விற்றமின் பி1. இது சின்ன விசயம் இல்லை. நீண்டகாலம் குடித்துச் சாப்பாட்டைக் கைவிட்டவரின் உடம்பில் தயமின் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோசை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் ஒருபக்கம் ஓடும், நடை தள்ளாடும், ஆள் குழம்புவார். கவனிக்காமல் விட்டால் ஞாபகமே போய்விடும். அதனால்தான் கேட்கிறேன், "ஒரு சேலைன் ஏத்தினால் தெளிஞ்சிடுவார்" என்று வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டு ஏற்றாதேயுங்கோ.

முன்பு நிறுத்தும்போது வலிப்பு வந்தவர், விடியக் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர், ஈரல் வருத்தம் உள்ளவர், வயது போனவர், இவர்கள் வீட்டிலிருந்து நிறுத்தக்கூடாது. கொடியேற்றத்துக்கு முந்தின கிழமையே வைத்தியரிடம் போகவேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரி, காசில்லை.

கைக்குழந்தைக்காரி எழுதியது:

அக்கா, ஒரு கேள்வி. இவர் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டார். குடியை மறக்க ஒரு குளிசை இருக்கிறதாம், கறியில் கலந்து கொடுத்தால் தெரியாதாம் என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். வாங்கித் தரவும் ஆள் இருக்கிறது. கொடுக்கலாமா? கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

இரவுக்கடமை எழுதியது:

தங்கச்சி, கொடுக்கவே வேண்டாம். வெட்கப்படவும் வேண்டாம். இதைக் கேட்கிற பத்துப் பேரில் நீங்கள் ஒருவர், அவ்வளவுதான்.

அது பெரும்பாலும் டைசல்பிராம் என்ற குளிசை. அது குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. உடம்பு மதுவை உடைக்கும் வேலையைப் பாதிவழியில் மறித்துவிடும். அதற்குமேல் குடித்தால் முகம் சிவந்து, சத்தி எடுத்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, இரத்த அழுத்தம் விழும். இதய வருத்தம் உள்ளவர் செத்தும் போகலாம். கடைசிக் குளிசை போட்டு இரண்டு கிழமை வரை அந்த ஆபத்து இருக்கிறது. மது கலந்த இருமல் பாணி கூடப் பிரச்சினை தரும். இதெல்லாம் தெரிந்து, தானே சம்மதித்து, ஈரலைச் சோதித்துவிட்டு விழுங்குகிறவருக்கு அது நல்ல மருந்து. "நான் இதைப் போட்டிருக்கிறேன், இண்டைக்குக் குடிக்க ஏலாது" என்ற நினைப்புத்தான் அவரைக் காக்கிறது. தெரியாமல் தின்கிறவருக்கு அந்த நினைப்பு எங்கே இருக்கும்? ஒருநாள் கண்டுபிடித்தால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

நால்ட்ரெக்சோன் என்று வேறொரு மருந்து இருக்கிறது, குடிக்கும் ஆவலைக் குறைக்கும். அதுவும் வைத்தியர் பார்த்துத்தான் தரவேண்டும்.

அவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கோ. கிளினிக்கில் உங்களோடும் கதைப்பார்கள். வெளியே போக முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குத் தொலைபேசியில் கதைக்கலாம். அவர் அடித்தால், பிள்ளைக்கு ஆபத்தென்றால், அது வேறு விசயம். அன்றைக்கு முதலில் பிள்ளையோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஸ்காபரோத் தம்பி எழுதியது:

நான் கனடாவில். ஊரில் அண்ணா இருக்கிறார். மாசாமாசம் காசு அனுப்புகிறேன், அதில் பாதி பாரில் போகிறது என்று அக்கா சொல்கிறா. காசை நிறுத்தினால் அம்மாவின் மருந்துக்கும் அண்ணாவின் பிள்ளைகளின் ரியூசனுக்கும் என்ன வழி? அனுப்பினால் நானே அவரைக் கொல்கிறேன் என்ற எண்ணம் வருகிறது. ஆவணியில் ஊருக்கு வருகிறேன். போனமுறை எயாப்போட்டில் அவருக்கென்று இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு வந்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வடலி எழுதியது:

தம்பி, காசை நிறுத்தவேண்டாம், கையை மாற்றுங்கோ. ரியூசன் காசு ரியூசன் சேருக்கு, மருந்துக் காசு அக்காவுக்கு, சாமான் காசு கடைக்காரரின் கணக்குக்கு. இதை அண்ணாவுக்கு ஒளித்துச் செய்யாமல் நேரே சொல்லிவிட்டுச் செய்யுங்கோ. "உங்களில கோபமில்லை, ஆனால் குடிக்கிறதுக்கு என்ர காசு வராது." சண்டை பிடிப்பார். பிடிக்கட்டும். விடிய, அவர் தெளிவாக இருக்கிற நேரம் பார்த்துக் கதையுங்கோ. வெறியில் இருக்கிறவரோடு கதைத்த கதை ஒன்றும் மறுநாள் மிஞ்சாது.

ஆவணியில் வரும்போது பெட்டிக்குள் போத்தல் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: நீங்கள் மூன்று கிழமை நின்று, எல்லாரையும் கூட்டிப் பார்ட்டி வைத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். அவ்வளவு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன் அந்த மூன்று கிழமையில் விழுகிறான். பிறகு அவனைத் தூக்குகிற வேலை ஊரில் இருக்கிறவர்களுக்கு.

ஊர்க்குருவி எழுதியது:

எல்லாரும் நல்லெண்ணத்தில் எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. வருத்தம், வருத்தம் என்று சொல்லிச் சொல்லியே குடிகாரனுக்குச் சாட்டு எடுத்துக் கொடுக்கிறோம். என் அப்பப்பா தவறணையில் பிளாவைக் கையில் ஏந்திக் கள்ளுக் குடித்தவர். எண்பது தாண்டியும் தோட்டத்தில் நின்றார். மனக்கட்டுப்பாடு இருந்தது. இன்றைக்குச் சந்திக்குச் சந்தி பார். 2006இல் வந்த சட்டப்படி 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது. ஆனால் பள்ளிக்கூடப் பெடியளுக்கும் கிடைக்கிறது. ஒழுங்கைக்குள் கசிப்பு. அதைத் தடுக்காமல் நாலு பேர் கூடியிருந்து கதைப்பதால் என்ன வரும்?

வடலி எழுதியது:

பாரைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் கடை வருகிறபோது ஊரவர்கள் மறியல் செய்கிறார்கள், அது சரியான வேலை. விளம்பரத்தை அந்தச் சட்டம் தடுத்ததும் நல்லது. ஆனால் போயா தினத்தில் கடை பூட்டியிருக்கும் என்று தெரிந்து முதல்நாளே இரண்டாக வாங்கி வைக்கிறவனைக் கடை பூட்டி நிறுத்த முடியாது. அவனோடுதான் எனக்கு வேலை.

உங்கள் அப்பப்பாவைப் பற்றி: கள்ளைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதே தவறணை வாசலில் விழுந்து கிடந்தவர்களும் இருந்தார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வந்து எழுதுவதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். கள்ளைத் திட்டுகிற சாட்டில் சீவல் தொழில் செய்கிறவர்களை இளக்காரமாகப் பேசுவது நம் ஊரில் பழைய வழக்கம். இந்த இழையில் அது வேண்டாம். அந்தத் தொழிலாளிதான் கருப்பணியும் இறக்குகிறார், பனங்கட்டியும் அவர் உழைப்புத்தான்.

வருத்தம் என்றால் சாட்டு என்கிறீர்கள். சலரோகக்காரரிடம் "உமக்கு வருத்தம்" என்று சொன்னால் சீனி தின்னலாம் என்றா அர்த்தம்? இனி இப்படித்தான் வாழவேண்டும் என்று அர்த்தம்.

நாலு பேர் கூடிக் கதைப்பதால் என்ன வரும் என்று கேட்டீர்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுதவேண்டும்.

1935இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அக்ரன் என்ற நகரத்துக்கு பில் என்கிற பங்குத் தரகர் ஒருவர் வேலையாக வருகிறார். மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்தவர். வந்த காரியம் கெட்டுவிட்டது. ஹோட்டல் முன்மண்டபத்தில் தனியே நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். அந்த நேரம் அவருக்குத் தோன்றியது, "எனக்கு இப்போது இன்னொரு குடிகாரன் வேண்டும், அவனோடு கதைத்தால்தான் நான் தப்புவேன்" என்பதுதான். ஒரு பாதிரியாருக்குத் தொலைபேசி எடுத்து விசாரிக்கிறார். அது கை மாறிப் போய், பொப் என்கிற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் அவரைச் சேர்க்கிறது. அந்த வைத்தியர் கடும் குடிகாரர். கால்மணி நேரம் மட்டும் தருவேன் என்று வந்தவர், மணிக்கணக்காக இருந்து கதைத்தார். ஏன்? அதுவரை எல்லாரும் அவருக்குப் புத்தி சொன்னார்கள். பில் தன் கதையைச் சொன்னார். அதே ஆண்டு ஜூன் 10ஆம் திகதி பொப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏஏ, அதாவது அல்ககோலிக்ஸ் அனொனிமஸ் என்கிற, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இயக்கம் தன் தொடக்கமாகக் கொள்கிறது. இலங்கையிலும் அது இருக்கிறது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விடவேண்டும் என்ற விருப்பம். குடிக்கிறவரின் வீட்டுக்காரருக்கு அல்-அனன் என்று தனியாக ஒன்று 1951இல் தொடங்கியது.

பில் அன்றைக்குத் தொலைபேசி எடுத்தது பொப்பைக் காப்பாற்ற இல்லை, தான் விழாமல் இருக்க. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவதும் அதற்குத்தான். புதிதாக வருகிற பெடியனுக்கு நான் உதவி செய்கிறேன் என்று ஆட்கள் சொல்வார்கள். அவன் வந்து தன் நடுங்கும் கையை மேசையில் வைக்கும்போது உதவி கிடைக்கிறது எனக்கு.

ஊர்க்குருவி எழுதியது:

நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கடவுள், ஒப்புக்கொடுத்தல் என்று அந்த இயக்கத்தில் வருவது எனக்கு ஒத்துவராது. மற்றதை யோசிக்கிறேன்.

வடலி எழுதியது:

ஒத்துவராதவர்கள் எங்கள் வட்டத்திலும் இருக்கிறார்கள். ஒருவர் முருகனிடம் ஒப்புக்கொடுத்தார், ஒருவர் தேவாலயத்துக்குப் போகிறார், ஒருவர் எதையும் நம்புவதில்லை, சனிக்கிழமை சைக்கிளில் வருகிற ஆளை நம்புகிறார். மூன்று பேரும் குடிக்கவில்லை.

தோட்டத்துறவு எழுதியது:

சைக்கிள் கதை என்ன அண்ணை? விளக்கமாகச் சொல்லுங்கோ. எங்கள் சனசமூக நிலையத்திலும் இப்படி ஏதாவது செய்ய ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

வடலி எழுதியது:

மேசன், தச்சு, பெயின்ற் வேலைக்காரருக்குச் சனிக்கிழமை பின்னேரம் கூலி கையில் விழும். வேலைத்தளத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் பார் இருக்கும். காசும் களைப்பும் வெறுவயிறும் சேர்ந்து வருகிற நேரம் அது. கிழமை முழுக்கக் குடிக்காதவன் அந்த அரை மணித்தியாலத்தில்தான் விழுவான். அதனால் எங்களில் ஒருவர் அந்த நேரம் வேலைத்தளத்து வாசலில் சைக்கிளோடு நிற்போம். புத்தி ஒன்றும் சொல்வதில்லை. "வாரும் போவம்" என்றுவிட்டு வேறு ஒழுங்கையால் போவோம். வழியில் தேத்தண்ணிக் கடையில் சீனி கூடப் போட்டு ஒரு பால் தேத்தண்ணி, இரண்டு வடை. குடியை விட்ட புதிதில் இனிப்புக்கு வாய் அலையும், வயிறு நிறைந்திருந்தால் பாதி ஆவல் அடங்கும். வீட்டு வாசலில் கூலியை மனிசியின் கையில் அவரே கொடுப்பார். நாங்கள் படலைக்குள் போவதில்லை.

சில மாதம் இப்படி ஓடும். பிறகு அவரே இன்னொருவனுக்காக வாசலில் நிற்பார். அந்த மேசன் அண்ணை இப்போது நிற்கிறார்.

செய்யக்கூடாததும் இருக்கிறது. வெறியில் இருக்கிறவரின் வீட்டுக்குத் தனியே போகக்கூடாது. காசு கைமாற்றுக் கொடுக்கக்கூடாது, புருசன் பெண்சாதிச் சண்டைக்குள் நுழையக்கூடாது. கேட்ட கதையை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது, யாழ்ப்பாணத்தில் ஒரு கதை ஊரைச் சுற்ற ஒரு பின்னேரம் காணும். திரும்ப விழுந்தவரை முதல் நாள் வந்தவரைப் போலவே இருத்தவேண்டும். பெண்களுக்குப் பெண்கள்தான் உதவவேண்டும். குடிக்கிற பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒளித்துக் குடிப்பதால் அவர்களின் வருத்தம் முற்றித்தான் வெளியே வருகிறது.

இரவுக்கடமை எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். எங்களிடம் வருகிற பலருக்குக் குடி தொடங்கிய இடம் நித்திரை. 1995 இடப்பெயர்வு, 2009, காணாமல் போன பிள்ளை, கண்ணை மூடினால் அதுதான் வருகிறது என்பார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருந்து இந்தக் காயங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மது முதலில் உறங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், பிறகு கூடக் கேட்கும். குடியை மட்டும் நிறுத்தி அந்தக் காயத்தைப் பார்க்காமல் விட்டால் ஆள் திரும்பப் போவார். அதற்கும் வைத்தியம் கேளுங்கோ, உள ஆற்றுப்படுத்தல் கேளுங்கோ.

பேர்வேண்டாம் எழுதியது:

இங்கே எழுதலாமா தெரியவில்லை. வயது 29. நாளுக்கு அரைப் போத்தலுக்கு மேலே. விடியக் குடிக்காவிட்டால் சேர்ட் பொத்தான் போட முடியவில்லை. நானும் கொடியோடு விடுவது என்றுதான் இருந்தேன். மேலே வாசித்தபிறகு பயம். தெல்லிப்பழைக்குப் போனால் ஆராவது காண்பார்கள், விசர் என்று கதை கட்டுவார்கள். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அதோடு வாற கிழமை, செத்துப்போன மாமாவின் எட்டுச்செலவு. மாமா குடிக்கிறவர், படையலில் போத்தல் வைப்பார்கள், பிறகு அது பின்வளவுக்குப் போகும். நான் இல்லாமல் இராது.

கைக்குழந்தைக்காரி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதினதே பெரிய காரியம். என் மனிசன் இப்படி ஒரு வரி சொல்லமாட்டாரா என்று எத்தனை நாள் காத்திருக்கிறேன் தெரியுமா? தங்கச்சியின் கலியாணத்துக்கு நடுங்காத கையோடு நில்லுங்கோ.

இரவுக்கடமை எழுதியது:

தம்பி, பொத்தான் போட முடியாத அளவுக்கு நடுக்கம் என்றால் நீங்கள் தனியே நிறுத்தக்கூடாது. இன்றைக்கே முழுதாக விடவும் வேண்டாம், வைத்தியரைக் காணும் வரைக்கும். நாளைக்கு விடியவே போங்கோ. மனநலப் பிரிவு என்று கேட்டுப் போகக் கூச்சமென்றால் பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, "நாளாந்தம் குடிக்கிறேன், நிறுத்த வேண்டும், நடுக்கம் இருக்கிறது" என்று வைத்தியரிடம் நேரே சொல்லுங்கோ. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதேயுங்கோ. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கோ. போக முன் வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பினாலோ, காத்திருக்க வேண்டாம், 1990.

ஈரலைப் பற்றியும் பயப்படுவீர்கள். கொழுப்புப் படிந்த நிலையில் இருந்தால் குடியை விட்டபிறகு அது பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். உங்கள் வயதில் போய்ப் பார்ப்பதில் இலாபம்தான்.

ஸ்காபரோத் தம்பி எழுதியது:

தம்பி, இதை அண்ணாவுக்கும் வாசித்துக் காட்டப்போகிறேன். போத்தல் வாங்குகிற காசில் இந்தமுறை அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஓட்டோ பிடிக்கிறேன்.

வடலி எழுதியது:

தம்பி, எட்டுச்செலவுக்கு நீங்கள் வாட்டில் இருந்தால் அதைவிட நல்ல சாட்டு இல்லை, "காய்ச்சல், மறிச்சுப் போட்டாங்கள்" என்று அம்மா சொல்லட்டும். வீட்டில் நின்றால் படையலுக்கு நின்று கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டுப் பந்தியோடு வெளிக்கிடுங்கோ. பின்வளவுக்குக் கூப்பிடுகிற மச்சானிடம் "மருந்து போடுறன், டொக்டர் கூடாதெண்டவர்" என்றால் காணும். அதற்குமேல் விளக்கம் கொடுக்கப் போனால் அவர்கள் வெல்வார்கள்.

நாளைக்கு உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வர ஆள் இருக்கிறது. தனிமடல் போட்டிருக்கிறேன், பாருங்கோ.

பேர்வேண்டாம் எழுதியது:

பார்த்தேன் அண்ணை. ஏழு மணிக்குப் பஸ் ஸ்ராண்டில் நிற்கிறேன். நீலச் சேர்ட்.

இரவுக்கடமை எழுதியது:

அடையாள அட்டையும் மாற்றுடுப்பும் கொண்டு போங்கோ, மறிக்கக்கூடும். விடியச் சாப்பிட்டுவிட்டுப் போங்கோ.